குதிரைக்கு ஒரு சோலி கொடுங்கள்: சங்கரன்கோவில் வட்டாரத்துக் குதிரைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம், குருவிகுளம், கழுகுமலை பக்கமெல்லாம் குதிரை வளர்க்கும் அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,



உங்கள் தொழுவத்தில் நிற்கிற குதிரை கடந்த ஒரு வருடத்தில் எத்தனை நாள் ஊருக்கு வெளியே நடந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு நாள், அம்மன் கொடைக்கு ஒரு நாள், வண்டிப் பந்தயத்துக்குச் சில நாள், கைப்பேசியில் வீடியோ எடுக்க இன்னும் சில சாயங்காலம். மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகைக்குள்தான், முன்னங்கால் ஒரு முளையில், பின்னங்கால் ஒரு முளையில். பகலெல்லாம் மேய்ந்துகொண்டே பல மைல் நடக்க அமைந்த உடம்பு அது. அதைப் பத்தடி இடத்துக்குள் நிறுத்திக் காணத்தைக் கொட்டினால் வயிற்றில் வாயுவும் காலில் வீக்கமும் மனசில் முரட்டுத்தனமும்தான் சேரும். பிறகு "கடிக்கான், உதைக்கான்" என்று அதன் மேலேயே பழி போடுகிறீர்கள்.

உங்களுக்குக் குதிரை மேல் பிரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரியம் இல்லாதவர் ஆடி மாதம் அந்தியூர் வரைக்கும் போவாரா? குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் புழுதிக்குள் நின்று, சுழி சுத்தமா, பஞ்சகல்யாணியா, காது நுனி இரண்டும் ஒன்றையொன்று தொடுகிறதா என்று பார்த்துப் பார்த்து, வீட்டு நகையை அடகு வைத்தாவது ஒரு மார்வாரியையோ கத்தியவாரியையோ லாரியில் ஏற்றி வருகிறீர்கள். வந்து இறங்கியதும் தெருவே கூடி நிற்கிறது. ஆரத்தி எடுக்கிறார்கள். ஆனால் வாங்கும் நாளில் இருக்கிற கவனம் வளர்க்கும் நாளில் இருப்பதில்லை. எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், எது ஆகாது என்று விடிய விடியப் பேசத் தெரிந்த நமக்கு, வாங்கிய குதிரைக்கு என்ன சோலி கொடுப்பது என்று கேட்டால் பதில் தெரியவில்லை. என் மனக்குறை அதுதான். இந்த மடல் எழுதுவதும் அதற்காகத்தான்.

2017 தை மாதம் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடிய பிறகு, நாட்டு மாடு, நாட்டு நாய் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு வந்தது. காங்கேயமும் புலிக்குளமும் தெரியாத பிள்ளை இன்று நம் பக்கத்தில் இல்லை. நமக்கு அடுத்தாற்போல் இருக்கிற சிப்பிப்பாறையின் பெயரைத் தாங்கிய நாயும், ராஜபாளையம் நாயும் நாடு முழுக்கப் பேர் வாங்கிவிட்டன. குதிரையைப் பற்றி மட்டும் அப்படியொரு பேச்சு எழவில்லை. தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் அங்கீகரித்த குதிரையினங்களில் மார்வாரி, கத்தியவாரி, கச்சி-சிந்தி, ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா, மணிப்புரி ஆகியவை உண்டு. தமிழ்நாட்டில் பிறந்தது ஒன்றுகூடக் கிடையாது. நம் சந்தைகளில் நாட்டுக்குதிரை என்றும் மட்டக்குதிரை என்றும் விற்கிற சிறு குதிரைகளுக்கு வம்சம் எழுதிவைத்தவர் இல்லை.

அதனால் நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. மார்வாரியும் கத்தியவாரியும் இந்த நாட்டு மண்ணில், வறண்ட பூமியில், கொஞ்சத் தீனியும் கொளுத்தும் வெயிலுமாக உருவான இனங்கள். நம் கரிசல் அவற்றுக்கு அந்நியமான இடம் இல்லை. ஆனால் அவற்றின் கதி என்ன என்று தெரியுமா? 2012-இல் எடுத்த கால்நடைக் கணக்கில் நாடு முழுக்கக் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்ந்து ஆறேகால் லட்சத்துக்குக் கிட்ட இருந்தன. 2019 கணக்கில் அது சுமார் 3.4 லட்சம். ஏழே வருடத்தில் 45 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. எந்த நோயும் வந்து அள்ளிக்கொண்டு போகவில்லை. குதிரைவண்டி போன இடத்தில் ஆட்டோ வந்தது, பொதி சுமந்த மலைப்பாதையில் சாலை வந்தது. சோலி போன விலங்கை வைத்துத் தீனி போட ஏழைக்குக் கட்டாது. பணக்காரர் வைத்திருப்பது பவிசுக்கு. பவிசு வேறு பொருளுக்கு மாறிய மறுநாள் குதிரை தெருவுக்கு வந்துவிடும்.

மார்வாரிக்கு ஒரு முறை இது நடந்திருக்கிறது. சமஸ்தானங்களும் ஜாகிர்களும் ஒழிந்த 1950-களில், ராஜபுதனத்து அரண்மனை லாயங்கள் காலியாயின. போர்க்குதிரை என்று தலைமுறை தலைமுறையாகப் போற்றிய விலங்கு பொதி சுமக்கப் போனது, காயடிக்கப்பட்டது, வெட்டவும் பட்டது. ஜோத்பூர் அரச குடும்பத்தில் உமைத் சிங் மகாராஜா அதற்கு முன்பே, 1930-களில், இந்த இனத்தைத் தேடிச் சேர்த்து வளர்த்தார்; அவருடைய பேரன் கஜ் சிங் அதைத் தொடர்ந்தார். 1999-இல் ரகுவேந்திர சிங் டண்ட்லோடும், இந்தக் குதிரையின் மேல் ஆசை கொண்டு வந்த பிரான்செஸ்கா கெல்லி என்ற அயல்நாட்டுப் பெண்மணியும் மற்றவர்களோடு சேர்ந்து இந்திய நாட்டுக்குதிரைச் சங்கத்தை உண்டாக்கினார்கள். சங்கம் வந்தது, பதிவு வந்தது, காட்சிப் போட்டி வந்தது. இவற்றோடு சேர்ந்து குதிரைக்குத் தினப்படித் தீனி போட்டது என்ன தெரியுமா? சவாரிப் பயணம். ராஜஸ்தானத்து ஷெகாவதி கிராமங்கள் வழியாகக் கோட்டையிலிருந்து கோட்டைக்கு, கூடாரத்திலிருந்து கூடாரத்துக்கு, மார்வாரி மேல் ஏறி நாட்கணக்காக ஊர் பார்க்கும் விடுமுறை. அதற்காகவே கடல் கடந்து ஆள் வருகிறார்கள்.

அந்தப் பயணம் எப்படி நடக்கிறது என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நாளெல்லாம் பாய்ச்சல் இல்லை. விடியலில் குதிரையைத் தேய்த்துத் தண்ணீர் காட்டிக் கிளம்புகிறார்கள். வெயில் ஏறும்முன் ஒரு வேப்ப மரத்தடியில் சேணத்தைக் கழற்றிவிடுகிறார்கள். சாயங்காலம் மறுபடி நடை. ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர். தீனியும் லாடக்காரரும் வண்டியில் முன்னால் போய்விடுவார்கள். மார்வாரிக்கு ரேவால் என்று ஒரு நடை உண்டு. நாலு காலும் தனித்தனியாகத் தரையைத் தொட்டு, மேலே இருப்பவரைக் குலுக்காமல் கொண்டுபோகும். அந்த நடையில் உட்கார்ந்து வயல் பார்த்துக்கொண்டு போவதற்குத்தான் வந்தவர்கள் காசு கொடுக்கிறார்கள். உங்கள் தொழுவத்திலும் அந்த நடை வரும் குதிரைகள் நிற்கின்றன. நீங்கள் அவற்றைத் தார்ச்சாலையில் சாட்டை போட்டு ஓடவிட்டு, அந்த நடையை மறக்கடிக்கிறீர்கள்.

பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரிய குதிரை, சின்னக் குதிரை என்று பிரித்து வண்டி விடுவது நம் பக்கத்துக் கொடைகளின் களை. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் தாரில் ஓடிய காலின் மூட்டு எத்தனை வருடம் தாங்கும்? பின்னாலேயே நூறு மோட்டார் சைக்கிள் ஆரன் அடித்துக்கொண்டு வந்தால் அந்த விலங்கின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்? ஜெயித்த குதிரைக்கு மாலை போடுகிறீர்கள். நொண்டிய குதிரை அடுத்த சந்தையில் யார் கைக்குப் போனது என்று விசாரித்தவர் உங்களில் யார்?

இனி நம் மண்ணைப் பாருங்கள். சங்கரன்கோவிலைச் சுற்றிப் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரிக்கு ஒரே இரவில் வேனும் காரும் பிடித்து ஐந்தையும் ஓடி ஓடிக் கும்பிட்டு வருகிற கூட்டம் இருக்கிறது. அதே ஐந்தையும் மூன்று நான்கு நாளில், குளத்தங்கரை வழியாக, பழைய வண்டிப்பாதை வழியாக, குதிரை மேல் ஆற அமரப் பார்க்க முடியும் என்று யாரும் இதுவரை யோசிக்கவில்லையே! கிழக்கே திரும்பினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கழுகுமலை: சமணர் செதுக்கிய பாறையும், ஒரே கல்லில் பாண்டியர் குடைந்த வெட்டுவான் கோயிலும். இன்னொரு பக்கம் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். 1755-இல் ஆங்கிலேயக் கர்னல் ஹெரானின் படையைத் திரும்பிப் போகவைத்த ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகள் அந்த மண்ணில் கால் வைத்திருக்க மாட்டார்கள். கரிசலைக் கி. ராஜநாராயணனின் எழுத்தில் மட்டும் பார்த்த சென்னைக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் எத்தனை ஆயிரம்! அவர்களுக்கு இந்த மண்ணைக் காட்ட நம்மிடம் ஏற்பாடு ஏதும் இல்லை. காரில் போனால் இருபுறமும் காற்றாலையும் சீமைக்கருவேலும்தான் தெரியும். குதிரையில் போனால்தான் உளுந்துக் காடும் மல்லிகைத் தோட்டமும் கிடைபோட்ட ஆடும் தெரியும், களத்தில் நிற்கிற பாட்டி "எந்த ஊரு ராசா?" என்று கேட்பாள்.

காலமும் நமக்குத் தோதாகத்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் அப்பிக்கொள்ளும். குதிரை அதில் கால் வைத்தால் குளம்போடு லாடமும் போய்விடும். பங்குனி, சித்திரையில் மண் வெடித்துவிடும். ஒரு வெடிப்பில் கால் இறங்கினால் எலும்பு முறியும். நடுவில் தையும் மாசியும் இருக்கின்றன. அறுவடை முடிய முடியக் காடு வெறுமையாகி, குளத்தில் தண்ணீர் நின்று, காலையில் பனி இறங்குகிற மாதங்கள். வருடத்துக்கு அந்த இரண்டு மாதம் போதும். வருடம் முழுக்கச் சவாரி நடத்தச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

"யாரு வரப்போறா அண்ணாச்சி, நம்ம ஊருக்கு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்று பார்த்திருப்பீர்கள். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து இழுக்க, ஒரு படம் எடுப்பதற்குள் சவாரி முடிந்துவிடுகிறது. அதில் ஆசை தீராமல் இறங்குகிற பிள்ளைகள்தான் நாளைக்கு உங்களிடம் வருவார்கள். ஆரோவில்லில் சவாரிப் பள்ளி இருக்கிறது. பெரு நகரங்களிலும் சவாரி கற்கிறவர்கள் கூடிவருகிறார்கள். கற்ற பிறகு வேலிக்குள் வட்டம் போடுவதைத் தவிர, திறந்த வெளியில் நாட்கணக்காகப் போக நம் மாநிலத்தில் அவர்களுக்கு வழி கிடைப்பது அபூர்வம். "தங்க வைக்க மாளிகை வேணுமே" என்பீர்கள். வேண்டாம். வெள்ளையடித்த ஒரு காரை வீடு, சுத்தமான கக்கூஸ், பின்னால் கிணற்றுத் தண்ணீர், கம்பங்கூழும் கருவாட்டுக் குழம்பும் போதும். மாளிகை தேடி வருகிறவர் உங்களுக்குத் தோதுப்பட மாட்டார், அவரை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு ஆசை காட்டிவிட்டு இப்போது கண்டிப்பாகப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக் காயல் துறைக்கு ஓர்மூசிலிருந்தும் கீஷிலிருந்தும் ஏதனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். அரசர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் மிஞ்சியது வெகு சிலவே என்றும் சொல்கிறார். காரணமும் சொல்கிறார்: பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, தீனி சரியில்லை, லாடக்காரரும் வைத்தியரும் இல்லை. அள்ளிக் கொடுத்த பொன்னெல்லாம் மண்ணோடு போனது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய குறை அது. உங்கள் ஊரில் குளம்பு திருத்தத் தெரிந்தவர் இன்று எத்தனை பேர்? கால்நடை மருந்தகத்தில் மாட்டு மருத்துவம் தெரிந்தவர் இருக்கிறார். குதிரைக்குச் சூலை நோவு கண்டால் ராத்திரி யாரைக் கூப்பிடுவீர்கள்? இதற்குப் பதில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் விருந்தாளியைக் கூப்பிட வேண்டும்.

முதலில் பாரம். 2008-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, தன் எடையில் 20 விழுக்காடு வரை குதிரை அலுங்காமல் சுமக்கும், 25-ஐ எட்டினால் தசை நோக ஆரம்பிக்கும் என்று காட்டியது. உங்கள் குதிரை 350 கிலோ என்று வைத்துக்கொண்டால் கணக்கு 70 கிலோ. அதில் சேணமும் அடக்கம். அப்படியானால் ஏறுகிறவர் 60 கிலோ. மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1965-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு விதிகளே சொல்கின்றன. வாசலில் ஒரு எடைமெஷின் வையுங்கள். எண்பது கிலோ விருந்தாளி வந்தால் தாட்சண்யம் பார்க்காமல், "உங்களுக்கு மாட்டுவண்டி பூட்டியிருக்கோம், பின்னாலேயே வாங்க" என்று சொல்லுங்கள். வண்டியில் வருவதும் அவருக்குப் புது அனுபவம்தான்.

அடுத்தது வெயில். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை சுமக்கிற, இழுக்கிற விலங்கை வேலை வாங்கக்கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. தையில் அவ்வளவு வெயில் வராது என்றாலும் அந்த மூன்று மணி நேரத்தைக் குதிரைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேலை செய்கிற குதிரை ஒரு நாளைக்கு 30 லிட்டருக்கு மேலேயே தண்ணீர் குடிக்கும். எந்தக் குளத்தில் எப்போது காட்டுவது என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள்.

அப்புறம் வயிறும் குளம்பும் முதுகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது வயிற்றில் கட்டிக்கொண்டால் உயிர் போய்விடும். வழியோரத்துக் கருவேல நெற்றை ஆசையாகத் தின்னும், அளவு மிஞ்சினால் அதுவே எமன். இளஞ்சோளப் பயிரில் வாய் வைக்க விடாதீர்கள். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தரம் சீவ வேண்டும். ஜரிகை வைத்த ஊர்வலச் சேணம் தூரப் பயணத்துக்கு ஆகாது. முதுகெலும்பை அழுத்திப் புண்ணாக்கும். சேணத் தொழிலுக்குப் பேர்போன கான்பூரிலிருந்து, குதிரையின் முதுகை அளந்து, சரியான சேணம் வாங்குங்கள். நான்கு வயது நிறையாத குதிரை மேல் ஆள் ஏற்ற வேண்டாம். ரண ஜன்னித் தடுப்பூசி குதிரைக்கும் போட்டிருக்க வேண்டும், கூட வருகிற பையன்களுக்கும் போட்டிருக்க வேண்டும். கிளாண்டர்ஸ் நோய் குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் அதற்கு இரத்தப் பரிசோதனை செய்கிறது. கால்நடைத் துறை மூலம் அந்தச் சான்று வாங்காத குதிரை பயணத்துக்கு வரக்கூடாது.

பாதையையும் முதலில் நீங்களே நடந்து பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு நம் காடுகளில் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். மூடாத ஆழ்துளைக் குழி, பன்றிக்குப் போட்ட மின்வேலி, திடீரென்று நிழல் வீசுகிற காற்றாலை இறக்கை என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கே மலையடிவாரத்தோடு நின்றுவிடுங்கள். அதற்கு மேல் 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம், அது நம் காலடிக்கான இடம் இல்லை. ஏறுகிறவர் ஒவ்வொருவரும் தலைக்கவசம் போட வேண்டும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் குதிரையைக் கொண்டுபோகாதீர்கள்.

இதுவரை குதிரையைப் பற்றிச் சொன்னேன். மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். நம் நாட்டில் குதிரை மேல் யார் உட்காரலாம் என்பது வெறும் சவாரி விவகாரம் இல்லை. வடக்கே தலித் மாப்பிள்ளை குதிரையில் வந்ததற்காகக் கல்லெறி பட்ட செய்தி வருடா வருடம் வருகிறது. நம் பக்கத்தில் பிள்ளைகளின் சாதி காட்டும் கைக்கயிற்று நிறத்துக்கே வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. உங்களில் சிலர் பந்தயக் குதிரையின் நெற்றியில் எந்தக் கொடியைக் கட்டுகிறீர்கள், எந்தத் தெருவழியாக வேண்டுமென்றே ஓட்டுகிறீர்கள் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பழக்கத்தோடு சவாரிப் பயணம் தொடங்குவதென்றால் தயவுசெய்து தொடங்காதீர்கள். ஒரு புது அடிதடிக்கு நீங்களே பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

அரனும் அரியும் ஓருடலாக நிற்கிற ஊர் நம்முடையது. அரனா, அரியா, யார் பெரியவர் என்று சண்டை போட்ட சங்கன், பதுமன் என்ற நாகர்கள் சமாதானமாகிப் போனதாகச் சொல்லும் தலம். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விருந்தாளியை அழைக்கிற நீங்கள், எந்தத் தெருப் பிள்ளை வந்து கேட்டாலும் சவாரி சொல்லிக்கொடுக்க வேண்டும். வழிகாட்டியாகவும் லாடக்காரராகவும் சமையலுக்கும் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும். பயணம் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் எல்லாத் தெருவிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் சேணத்தில் ஏற்றுங்கள். தனியாக வரும் பெண் பயணி, தன்னை அழைத்துப் போக இன்னொரு பெண் கடிவாளம் பிடித்து நிற்பதைப் பார்த்தால்தான் மறுமுறை தன் தோழிகளையும் கூட்டி வருவாள்.

இத்தனை நிபந்தனை வைத்தால் யாருக்கு லாபம் என்று கேட்பீர்கள். உடனே பெரிய லாபம் வராது. முதல் சில பருவம் தீனிச் செலவைக் கட்டினாலே பெரிது. ஆனால் ஒரு கணக்கை மட்டும் யோசியுங்கள். இப்போது உங்கள் குதிரைக்கு வருடம் முழுக்கச் செலவு, வரவு என்று ஒன்று கிடையாது. விற்கிற அன்றுதான் காசைப் பார்க்கிறீர்கள். அதனால்தான் கை மாறிக்கொண்டே இருக்கிறது. நடந்து சம்பாதிக்கிற குதிரையை யாரும் விற்க மாட்டார்கள். நல்ல நடையும் சாந்த குணமும் உள்ள பெட்டையை வைத்துக் குட்டி எடுப்பீர்கள். நிறத்தையும் சுழியையும் பார்த்து இனம் சேர்த்த கை, காலையும் குணத்தையும் பார்த்துச் சேர்க்க ஆரம்பிக்கும். இருபது, முப்பது வருடத்தில் கரிசல் வெயிலுக்குப் பழகிய நல்ல குதிரை வரிசை ஒன்று நம் பக்கத்திலேயே உருவாகும். மாட்டுக்கும் நாய்க்கும் நம் முன்னோர் செய்தது இதைத்தானே? உழவுக்கும் வேட்டைக்கும் பயன்பட்டதால்தான் அவை இனமாக நிலைத்தன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான்.

வருகிற ஆவணிக்குள், ஆடித்தபசு அலுப்புத் தீர்ந்ததும், எல்லா ஊர்க் குதிரைக்காரரும் ஒரு நாள் ஓரிடத்தில் கூடுங்கள். சாதிச் சங்கக் கட்டிடம் வேண்டாம். பொதுவான இடமாகப் பாருங்கள். யாரிடம் எத்தனை குதிரை, என்ன வயது, என்ன எடை, என்ன நடை, என்ன நோவு என்று ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். 2012-இல் தொடங்கிய திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பம் கொடுங்கள்: குதிரைப் பராமரிப்பிலும் முதலுதவியிலும் பயிற்சி வேண்டும், குளம்பு திருத்த எங்கள் பையன்கள் சிலருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று. மாவட்ட ஆட்சியரையும் சுற்றுலாத் துறையையும் பார்த்து, அனுமதி, பதிவு, காப்பீடு என்று கேட்க வேண்டியதைக் கேளுங்கள். புரட்டாசிக்குள் பாதையை நடந்து முடியுங்கள். மழைக்காலத்தில், கரிசல் சேற்றில் இறக்காமல், குதிரைகளை நடக்கவிட்டுப் பழக்குங்கள். மழை நிற்கிற நாளெல்லாம் கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்கிற நாளாகட்டும்.

தை பிறந்ததும் முதல் பயணம். நாலைந்து குதிரை போதும், சங்கரன்கோவிலிலிருந்து பத்து, பதினோரு கிலோமீட்டரில் இருக்கிற கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் போதும். காசு வாங்காமல் நம் ஊர் ஆசிரியரையும் செவிலியரையும் விசைத்தறி ஓட்டுகிறவரையும் ஏற்றிக் கூட்டிப்போங்கள். அவர்கள் இறங்கி, இடுப்பு நோகுது, இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம் என்று குறை சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த குதிரைகளின் முதுகையும் காலையும் தடவிப் பாருங்கள். புண் இல்லை, வீக்கம் இல்லை, காணத்தை ஆசையாகத் தின்கிறது என்றால் வெளியூர்க்காரரை அழையுங்கள். இல்லையென்றால் இன்னொரு தைக்குக் காத்திருங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். பதிவேடு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதுகிறேன். விண்ணப்பம் தயார் செய்வதும் என் பொறுப்பு. தேதியை மட்டும் நீங்கள் குறியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்
சங்கரன்கோவில்